கவலை கூடினால் மூட்டு வலியும் கூடுமா? கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் பிசியோதெரபி பார்க்கிறேன். இந்தத் தடவை வந்த கேள்விகள் பெரும்பாலும் கவலையையும் மூட்டு வலியையும் பற்றித்தான்.

முக்கூடலில் இருந்து ஒரு அக்கா: பீடி சுற்றுகிறேன். முடக்குவாதத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். குழுக் கடன் கட்டுவதற்கு முந்தின ராத்திரி விரல் முட்டெல்லாம் வலி தாங்க முடியவில்லை. வீட்டில் எல்லாம் உன் நினைப்புதான் என்கிறார்கள்.

நினைப்பு இல்லை அக்கா, வலி நிஜம். கவலைப்படும்போது உடம்பு கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கும், அது கொஞ்ச நேரத்துக்கு அழற்சியை, அதாவது மூட்டு வீங்கிச் சூடாகி வலிப்பதை, அமுக்கி வைக்கும். ஆனால் கவலை வாரக்கணக்கில் ஓயாமல் இருந்தால் அந்தப் பிடி தளர்ந்துவிடும், அழற்சியைத் தூண்டும் பொருட்கள் ரத்தத்தில் கூடும், ஏற்கெனவே வீங்கிய மூட்டு இன்னும் வீங்கும். இதில் தூக்கமும் போய்விட்டால் மறுநாள் அதே வலி இரண்டு மடங்காகத் தெரியும். கடனை நினைத்துக்கொண்டே சுற்றும்போது உங்கள் தோள் காதுப்பக்கம் ஏறியிருக்கும், கழுத்து மடியில் இருக்கிற சொளவுக்குள் கவிழ்ந்திருக்கும், இலையை வேண்டியதைவிட இறுக்கிப் பிடிப்பீர்கள். அரை மணிக்கு ஒரு தரம் சொளவை இறக்கி வைத்துவிட்டுத் தோளைச் சுழற்றுங்கள். ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் கையைக் கொஞ்ச நேரம் வைத்து விரலை மெதுவாக மடக்கி நீட்டுங்கள். ஒன்று மட்டும் மறக்காதீர்கள், முடக்குவாதத்துக்குக் கொடுக்கிற மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு தரம் போடுகிற மாத்திரை. வலி கூடியது என்று அதைத் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து.

அம்பாசமுத்திரம்: அப்பாவுக்கு முழங்கால் தேய்மானம். அதற்கும் கவலை காரணமா?

கவலைதான் தேய்த்தது என்று சொல்ல முடியாது. ஆனால் வலிக்குமோ என்று பயந்து நடக்காமலே இருந்தால் தொடைச் சதை மெலியும், அப்புறம் பாரம் முழுக்க மூட்டில்தான் இறங்கும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேரே நீட்டி ஐந்து எண்ணும்வரை வைத்திருக்கச் சொல்லுங்கள். சாயங்காலம் ஆற்றங்கரைப் பக்கம் சமதரையில் கொஞ்சம் நடக்கட்டும்.

மேலப்பாளையம்: மருந்துக்கடையில் பேர் தெரியாத மாத்திரை கொடுத்தார்கள் அண்ணி, அம்மாவுக்கு இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது. தொடரலாமா?

தம்பி, அது ஸ்டீராய்டாக இருக்கலாம். நான் மேலே சொன்ன கார்டிசாலின் இனம்தான் அது. 1948-ல் அமெரிக்காவில் பிலிப் ஹெஞ்ச் என்ற டாக்டர் முடக்குவாத நோயாளிக்கு அதே இனத்து கார்டிசோன் ஊசி போட, படுத்துக் கிடந்தவர் எழுந்து நடந்தார், 1950-ல் ஹெஞ்சுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அளவு தெரியாமல் நாள்கணக்கில் தின்றால் சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். ரொம்ப நாள் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. அட்டையை எடுத்துக்கொண்டு நாளைக்கே டாக்டரைப் பாருங்கள்.

வீரவநல்லூர்: தியானம் செய்தால் மாத்திரையை விட்டுவிடலாமா?

வேண்டாம். மூச்சை மெதுவாக இழுத்து விடுவதால் இறுகின சதை தளரும், தூக்கம் வரும், அந்த அளவுக்கு நல்லது, தினமும் செய்யுங்கள். மாத்திரையும் அதன்பாட்டுக்கு நடக்கட்டும். காலையில் விரல் மடங்காமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்தே இருந்தாலோ, ஒரு மூட்டு மட்டும் திடீரென்று சிவந்து காய்ச்சலும் வந்தாலோ, கவலையால்தான் என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள், அன்றைக்கே காட்டிவிடுங்கள்.