குரோஷே கோஸ்டர் தட்டையாக அமைய என்ன வழி?

கேள்வி: தங்கையின் புதுமனை புகுவிழாவுக்காக ஆறு கோஸ்டர்களை (கோப்பைக்கு அடியில் வைக்கும் சிறு விரிப்புகளை) குரோஷேயில், அதாவது கொக்கி ஊசியால் பின்னும் முறையில், பின்னித் தர விரும்புகிறேன். தையல்களைக் காணொளிகள் பார்த்துக் கற்றேன். மாதிரியை ஒரு பழைய கைவேலைப் புத்தகத்திலிருந்து எடுத்தேன். "6 டபுள் குரோஷேயில் தொடங்கிச் சுற்றுக்கு 6 கூட்டவும்" என்று அதில் இருந்தபடியே பின்னியது கிண்ணம்போல் குழிந்துவிட்டது. அடுத்ததை உயரம் குறைந்த சிங்கிள் குரோஷேயில், வேறொரு குறிப்பில் கண்டபடி 12 தையலில் தொடங்கிச் சுற்றுக்கு 12 கூட்டிப் பின்னினேன். அது ஓரமெல்லாம் கொசுவம் வைத்ததுபோல் சுருண்டது. கையில் இருப்பது அக்ரிலிக் உல்லன் நூல். அதிலேயே செய்யலாமா? விறைப்பாக நிற்கக் கஞ்சி போட வேண்டுமா?

பதில்: உங்கள் கையில் குறை எதுவும் இல்லை. ஒன்று குழிந்ததற்கும் மற்றொன்று சுருண்டதற்கும் காரணம் ஒன்றுதான். வட்டம் தட்டையாக விரிவது கணக்கைப் பொறுத்தது. அந்தக் கணக்கு ஒருமுறை விளங்கிவிட்டால் எந்த நூலிலும் எந்த அளவிலும் உங்களால் தட்டையான வட்டம் பின்ன முடியும்.

ஒவ்வொரு சுற்றும் வட்டத்தின் ஆரத்தை ஒரு தையலின் உயரம் அளவுக்குக் கூட்டுகிறது. ஆரம் எவ்வளவு கூடினாலும் சுற்றளவு அதைப்போல் சுமார் 6.28 மடங்கு கூடியாக வேண்டும் என்பது பள்ளியில் படித்ததுதான். சிங்கிள் குரோஷேயின் உயரமும் அகலமும் ஏறத்தாழச் சமம் என்பதால், சுற்றுக்கு 6 தையல் கூட்டினால் வட்டம் தட்டையாக விரியும். டபுள் குரோஷே அகலத்தைப்போல் இரு மடங்கு உயரமுள்ளது. அதற்கு 12 வேண்டும். இடைப்பட்ட ஹாஃப் டபுளுக்குப் பெரும்பாலும் 8 பொருந்தும். சிலர் கைக்கு 9 அல்லது 10 தேவைப்படும். கூட்டியது போதாவிட்டால் ஓரம் இழுத்துப் பிடித்து வட்டம் குழியும். மிஞ்சினால் இடமில்லாமல் ஓரம் அலை அலையாக மடியும். நீங்கள் உயரமான தையலுக்கு 6 கூட்டினீர்கள், குட்டைத் தையலுக்கு 12 கூட்டினீர்கள். இரண்டும் இடம் மாறிவிட்டன.

இதற்கு உங்கள் புத்தகமும் ஒரு காரணம். அது பிரிட்டிஷ் வழக்கில் எழுதப்பட்டதாக இருக்க வேண்டும். அந்த வழக்கில் டபுள் என்பது, இன்றைய காணொளிகளில் பெரும்பாலானவை பின்பற்றும் அமெரிக்க வழக்கின் சிங்கிள். அவர்களுடைய ட்ரெபிள், நாம் டபுள் என்று கற்றது. ஒரு குறிப்பில் சிங்கிள் குரோஷே என்ற பெயரே ஓரிடத்திலும் வராமல், ட்ரெபிள் போடுவதற்கு முன் 3 செயின் (சங்கிலித் தையல்) ஏற்றச் சொல்லியிருந்தால் அது பிரிட்டிஷ் குறிப்பு என்று கொள்ளலாம். நான் இங்கே அமெரிக்கப் பெயர்களையே பயன்படுத்துகிறேன்.

நூல் விஷயத்தில் என் கருத்து உறுதியானது: கோஸ்டருக்கு அக்ரிலிக் வேண்டாம். அது வெப்பத்தில் இளகும் செயற்கை இழை. நீரையும் மிகக் குறைவாகவே உறிஞ்சும். நம் வீடுகளில் காபியும் தேநீரும் எவர்சில்வர் டம்ளரில்தான் பெரும்பாலும் ஊற்றப்படுகின்றன. மெல்லிய எவர்சில்வர், பீங்கான் கோப்பையைவிட விரைவாக அடிவழியே சூட்டைக் கடத்தும். அடிக்கடி சூடுபடும் அக்ரிலிக் தன் உருவத்தை இழந்து தொய்ந்துவிடும். குளிர்ந்த மோர் வைத்த கண்ணாடிக் குவளையில் வழியும் வியர்வை நீரோ, நூலில் ஊறாமல் இழைகளின் இடைவெளி வழியாக மேசைக்கே இறங்கிவிடும். பருத்தி சூட்டைத் தாங்கும், நீரையும் உறிஞ்சும். வாங்கி வைத்த நூல் பருத்திதானா என்ற ஐயம் இருந்தால், ஒரு சிறு துண்டை இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டுக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி, காகிதம் எரியும் மணத்தோடு எரிந்து, தொட்டால் உதிரும் மென்மையான சாம்பலாகும். அக்ரிலிக் உருகிக் கறுத்து, கெட்டியான மணியாகத் திரளும்.

பருத்தியிலும் பளபளப்பான மெர்சரைஸ்டு நூல், பளபளப்பில்லாத சாதாரண நூல் என்று இருவகை உண்டு. முதல் வகை, காஸ்டிக் சோடாக் கரைசலில் பதப்படுத்தப்பட்டது. ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் 1850-ல் காப்புரிமை பெற்ற முறை என்பதால் அந்தப் பெயர். நிறம் எடுப்பாகத் தெரியும், தையலின் வடிவம் துல்லியமாக விழும். ஆனால் இறுக்கமாக முறுக்கிய பளபளப்பு நூலில் நீர்த்துளி சற்று நேரம் மேலேயே நிற்பதை நீங்களே காணலாம். ஆகவே கோப்பை அமரும் நடுப்பகுதிக்குச் சாதாரண நூலையும் ஓரத்துக்குப் பளபளப்பு நூலையும் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். இரண்டும் ஒரே பருமனாக இருக்கட்டும். 4 பிளை எனப்படும் மெல்லிய பருமனுள்ள நூலும் 3 மில்லிமீட்டர் குரோஷே ஊசியும் ஏற்றவை. 50 கிராம் கண்டு ஒன்றில் பத்து சென்டிமீட்டர் கோஸ்டர் ஆறாவது தேறும்.

அழகு வேலைப்பாடு முழுவதும் கோப்பையின் அடிக்கு வெளியே இருக்கட்டும். பூ இதழ், பாப்கார்ன் தையல் போன்ற மேடான வேலைகளை நடுவில் வைத்த கோஸ்டர்கள் படத்தில் அழகாகத் தெரிகின்றன. அவற்றின்மேல் டம்ளர் ஆடுகிறது, சூடான காபி சிந்துகிறது. கோஸ்டர் முதலில் கோப்பையைத் தாங்க வேண்டும். எனவே நடுவை நெருக்கமான சிங்கிள் குரோஷேயில் பின்னி, லேஸ்போன்ற ஓரத்தை அதைச் சுற்றி அமைப்பதே முறை. வழக்கமாகப் புழங்கும் டம்ளர் அல்லது டபராவின் அடியை அளந்துகொள்ளுங்கள். நெருக்கமான பகுதி அதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது.

இனிப் பின்னும் முறை. மேஜிக் ரிங் (வாலை இழுத்தால் மூடிக்கொள்ளும் நூல் வளையம்) போட்டு அதனுள் 6 சிங்கிள் குரோஷே பின்னுங்கள். தொடக்க நூலின் வாலைப் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு விட்டு வையுங்கள்; பிறகு அது தேவைப்படும். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு தையலிலும் இரண்டு போட்டால் 12 ஆகும். மூன்றாம் சுற்றில் ஒரு தையலில் ஒன்று, அடுத்ததில் இரண்டு என்று மாற்றி மாற்றிப் போட்டால் 18. நான்காம் சுற்றில் 24, ஐந்தாம் சுற்றில் 30 என்று சுற்றுக்கு ஆறாறாகக் கூட்டிக்கொண்டே போனால் ஒன்பதாம் சுற்றின் முடிவில் 54 தையல்கள் இருக்கும். விட்டம் ஏறத்தாழ எட்டு சென்டிமீட்டர் வரும். சுற்றுகளை இணைக்காமல் சுருளாகவே பின்னுங்கள். சுற்றின் முதல் தையலில் ஓர் ஊக்கை மாட்டிவைத்து, சுற்று முடியும்போதெல்லாம் அதைக் கழற்றிப் புதிய முதல் தையலில் மாட்டுங்கள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எண்ணிப் பார்ப்பது அலுப்பாகத் தோன்றும். ஆனால் ஐந்தாம் சுற்றில் தவறிய ஒரு தையலை ஒன்பதாம் சுற்றில் தேடுவது அதைவிடப் பெரிய அலுப்பு.

கூட்டுகின்ற இடத்தைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் முந்தைய கூட்டலுக்கு நேர் மேலேயே கூட்டினால், எண்ணிக்கை சரியாக இருந்தும் வட்டம் அறுகோணமாக மாறிவிடும். நான்கு, ஆறு, எட்டு ஆகிய இரட்டைச் சுற்றுகளில் கூட்டலைத் தொகுப்பின் (சுற்றில் ஆறு முறை திரும்ப வரும் தையல் வரிசையின்) நடுவுக்கு நகர்த்துங்கள். எடுத்துக்காட்டாக, நான்காம் சுற்றில் ஒன்று, ஒன்று, இரண்டு என்பதற்குப் பதிலாக ஒன்று, இரண்டு, ஒன்று என்று ஆறு முறை போடுங்கள். ஆறாம் சுற்றில் ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று, ஒன்று. எட்டாம் சுற்றில் இரண்டு போடும் தையலுக்கு முன்னும் பின்னும் மும்மூன்று தையல்கள் வரும். ஒற்றைச் சுற்றுகளில் வழக்கம்போல் தொகுப்பின் கடைசியில் கூட்டினால் போதும்.

முதல் மூன்று சுற்றுவரை வட்டம் சிறிது குழிந்திருந்தால் பொருட்படுத்த வேண்டாம். நான்காம் சுற்று முடிந்ததும் மேசைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தி விடுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தும் ஓரம் மேலே எழுந்தால் உங்கள் கை இறுக்கமானது. அரை மில்லிமீட்டர் பெரிய ஊசிக்கு மாறுங்கள். ஓரம் நெளிந்தால் சிறிய ஊசிக்கு மாறுங்கள். இந்தக் கட்டத்தில் பிரிப்பதில் இழப்பு ஒன்றுமில்லை. இஸ்திரி போட்டால் சரியாகிவிடும் என்று நம்பித் தொடர்வதில்தான் இழப்பு. சிறு நெளிவை இஸ்திரி அடக்கும். தையல் கணக்கில் நேர்ந்த பிழை முதல் சலவையிலேயே மீண்டும் எழுந்துவிடும்.

ஓரத்துக்கு, 54 என்பது ஆறால் வகுபடுவது வசதி. சுருள் முடிந்த இடத்தில் ஒரு ஸ்லிப் ஸ்டிச் (உயரமில்லாத இணைப்புத் தையல்) போட்டு நூலை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு தையலில் சிங்கிள் குரோஷே, இரண்டு தையலை விட்டு அடுத்ததில் ஐந்து டபுள் குரோஷே, மீண்டும் இரண்டை விட்டு அடுத்ததில் சிங்கிள் என்று தொடர்ந்தால் ஒன்பது சிப்பி வளைவுகள் சரியாக வந்து முடியும். இது பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் சேர்க்க, விட்டம் பத்து சென்டிமீட்டரை எட்டும்.

இப்போது அந்த வால்நூல். மேஜிக் ரிங்கை இழுத்து மூடிய பிறகு முடிச்சுப் போட்டு வெட்டிவிடுவது பலரின் பழக்கம். சில சலவைகளுக்குப் பிறகு நடுவில் ஓட்டை விழுவது அதனால்தான். மழுங்கிய முனையுள்ள தையலூசியில் வாலைக் கோத்து, பின்புறத்தில் வளையத்தின் இழைகளுக்குள் ஒரு முழுச் சுற்று கொண்டுவந்து, ஓர் இழையைத் தாண்டித் திரும்பி எதிர்த்திசையில் மற்றொரு சுற்று கொண்டுபோங்கள். தாண்டிய அந்த ஓரிழை நூலை நழுவவிடாமல் பிடித்துக்கொள்ளும். நூலை ஒட்ட வெட்டாமல் சிறிதளவு விட்டு வெட்டுங்கள்.

கஞ்சி வேண்டாம். லேஸ் விரிப்புகளுக்கும் சுவரில் தொங்கவிடும் அலங்காரங்களுக்கும் கஞ்சி பொருத்தமானது. கோஸ்டரோ நாள்தோறும் நனைவது. நனைந்த கஞ்சி பிசுபிசுத்து மேசையில் ஒட்டும், கரப்பானையும் அழைத்து வரும். விறைப்பு வேண்டுமென்றால் அதை ஊசியின் அளவில் தேடுங்கள்: சற்றே சிறிய ஊசியில் பின்னினால் துணி தானாகவே கெட்டியாகும். பாலிஷ் போட்ட மர மேசைக்கு ஒற்றை அடுக்கு போதாது. ஈரமும் சூடும் அடியில் தங்கினால் பாலிஷில் வெண்வளையம் விழும். நடுப்பகுதியை இரண்டாகப் பின்னி, பின்புறங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி சேர்த்து, ஓரச்சுற்றின் சிங்கிளையும் டபுளையும் இரண்டு அடுக்குகளின் வழியாகவும் ஊசியைச் செலுத்திப் போட்டால் இரட்டைக் கோஸ்டர் கிடைக்கும். இழைவேலை இரு பக்கமும் ஒரேபோல் தெரியும், செருகிய நூல்முனைகள் உள்ளே மறைந்துவிடும். அன்பளிப்புக்கு இதையே நான் பரிந்துரைக்கிறேன். நூல் ஏறத்தாழ இரு மடங்கு ஆகும் என்பதால் இரண்டு கண்டுகளாக வாங்கிவிடுங்கள்.

முடிந்ததும் கோஸ்டரைத் தண்ணீரில் நனைத்து, முறுக்காமல் துண்டில் வைத்து ஒற்றி, நான்காக மடித்த துண்டின்மேல் பரப்பி, ஒவ்வொரு சிப்பியின் உச்சியிலும் துருப்பிடிக்காத குண்டூசி குத்தி நிழலில் காயவிடுங்கள். காய்ந்தபின் மெல்லிய துணியை மேலே போட்டுப் பின்புறமாக இஸ்திரி போடலாம். பருத்திக்கு மட்டுமே இது பொருந்தும்.

நிறத்தைப் பொறுத்தவரை, வெள்ளையும் சந்தன நிறமும் டிகாக்ஷன் கறைக்கு நிற்காது. காப்பிக்கொட்டை நிறம், மயில்கழுத்து, அடர்பச்சை ஆகியவை நடுப்பகுதிக்கு ஏற்றவை. சிவப்பும் கருநீலமும் சில நூல்களில் சாயம் விடும். ஒரு முழம் நூலை நனைத்து வெள்ளைத் துணிக்கிடையில் வைத்து அழுத்திப் பார்த்த பிறகே வெளிர்நிற நூலோடு சேருங்கள். ஆறும் ஒரு தொகுப்பாகத் தெரிய வேண்டுமானால், வாங்கும் கண்டுகளின் தாள்பட்டையில் சாயத் தொகுதி எண் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். நிற எண் ஒன்றாக இருந்தாலும் தொகுதி மாறினால் அருகருகே வைக்கும்போது வேறுபாடு தெரியும். முதல் கோஸ்டர் முடிந்தவுடன் ஊசியின் அளவையும் விட்டத்தையும் குறித்து வைத்துக்கொண்டு, மற்ற ஐந்தையும் அதனோடு ஒப்பிட்டே பின்னுங்கள்.