வறுத்த கொட்டையும் வேக்குவம் டப்பாவும்: வாசகர் கேள்வி-பதில்

வீட்டிலேயே காபிக்கொட்டை வறுப்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள் போலிருக்கிறது. வறுப்பது எப்படி என்று கேட்டது போய், வறுத்ததை எதில் போட்டு வைப்பது என்றுதான் இந்த முறை கேள்வி மேல் கேள்வி.

பீபெரி பச்சைக் கொட்டை வாங்கி இரும்பு வாணலியில் அரைக் கிலோ வறுத்தேன். ஆறியதும் வேக்குவம் மெஷினில் காற்றை உறிஞ்சிப் பையை ஒட்டினேன். கல் மாதிரி இறுகியிருந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் பலூன் போல உப்பிக் கிடக்கிறது! மெஷின் கோளாறா, பையில் ஓட்டையா? கடைக்காரர் மாற்றித் தர மாட்டேன் என்கிறார்.
– வாசகி, ஸ்ரீரங்கம்

கடைக்காரரை விட்டுவிடுங்கள், அவர் மேல் தப்பில்லை. பையில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே போய்ப் பை தளர்ந்துபோகும், அவ்வளவுதான். உப்பாது. உப்புகிறது என்றால் உள்ளே இருந்து ஏதோ வருகிறது, அதை வெளியே விடாமல் உங்கள் ஒட்டு கெட்டியாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

வருவது கார்பன் டை ஆக்சைடு. கொட்டை சூட்டில் பழுத்துப் பொரியும்போது இந்த வாயு உள்ளேயே உருவாகி, கொட்டைக்குள் இருக்கும் நுண்ணிய அறைகளில் மாட்டிக்கொள்கிறது. அரைக் கிலோ கொட்டையில் இது லிட்டர் கணக்கில் இருக்கும். வறுத்த முதல் நாள் மளமளவென்று வெளியேறும், அப்புறம் வேகம் குறைந்து வாரக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். கருக வறுத்த கொட்டையில் இன்னும் வேகமாக வரும், ஏனென்றால் அதன் சுவர்கள் ஏற்கெனவே விரிசல் விட்டிருக்கும்.

கம்பெனிக்காரர்களையும் இது ரொம்ப காலம் படுத்தியது. சான் பிரான்சிஸ்கோவின் ஹில்ஸ் பிரதர்ஸ் 1900-ல் காபியை வேக்குவம் டின்னில் அடைத்து விற்க ஆரம்பித்தபோதே இந்தச் சிக்கலும் கூடவே வந்தது: வாயு போகும்வரை காபியைச் சும்மா வைத்திருந்து அடைத்தால் மணமும் சேர்ந்து போகிறது, உடனே அடைத்தால் டின் தாங்காது. 1960-களில் இத்தாலியின் கோலியோ நிறுவனம் ஒருவழி வால்வைக் கொண்டுவந்த பிறகுதான் விடிவு. கடையில் வாங்கும் கொட்டைப் பாக்கெட்டின் முன்பக்கம் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம், நடுவில் ஊசித்துளை, பார்த்திருப்பீர்களே, அதுதான். உள்ளே இருக்கும் வாயு வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். வறுத்த கொட்டையை எவர்சில்வர் சம்படத்தில் போட்டு, மூடியை அழுத்தாமல் சும்மா மேலே வைத்து இரண்டு நாள் விடுங்கள். அப்புறம் மெஷினில் ஒட்டுங்கள். அப்போதும் கொஞ்சம் தளரத்தான் செய்யும், கவலைப்படாதீர்கள்.

பம்ப் வைத்த மூடியோடு ஒரு வேக்குவம் டப்பா வாங்கினேன், விலை கொஞ்சம் அதிகம்தான். தினமும் காலையில் திறந்து வேண்டிய கொட்டையை எடுத்து அரைத்துவிட்டு, மறக்காமல் பம்ப் அடித்து வைக்கிறேன். அப்படியும் பத்து நாளில் மணம் இறங்கிவிடுகிறதே?
– வாசகர், திருநெல்வேலி

வாங்கியாயிற்று, இனி சொல்லி என்ன பயன் என்று தோன்றினாலும் சொல்லிவிடுகிறேன். தினமும் திறக்கும் டப்பாவுக்கு வேக்குவம் பெரிதாக ஒன்றும் செய்யாது.

காபியைக் கெடுப்பது ஆக்சிஜன். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு அதுதான். கையால் அடிக்கும் பம்ப் உள்ளே இருக்கும் காற்றில் பாதியை எடுத்தது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம், மீதிப் பாதியில் ஆக்சிஜன் இருக்கத்தானே செய்கிறது? கொட்டையைப் பழசாக்க அது தாராளமாகப் போதும். மறுநாள் காலையில் மூடியைத் திறக்கிறீர்கள், ‘உஸ்’ஸென்று சத்தம் வருகிறது பாருங்கள், அது புதுக்காற்று உள்ளே பாயும் சத்தம். நேற்று அடித்த பம்ப் முழுக்க அதோடு வீண்.

இன்னொன்று, பம்ப் அடிக்கும்போது மூக்கை மூடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். அறை முழுக்க வாசனை வரும். டப்பாவுக்குள் இருந்து டம்ளருக்கு வந்திருக்க வேண்டிய வாசனை அது. கொட்டை தானாக விடும் கார்பன் டை ஆக்சைடு ஆக்சிஜனை ஒதுக்கித் தள்ளி ஓரளவு காவல் காக்கும், அதையும் சேர்த்து உறிஞ்சி வெளியே விட்டுவிடுகிறோம். இத்தாலியில் ட்ரியெஸ்டெ நகரத்து இல்லி நிறுவனம் 1930-களிலேயே இதற்கு நேர்மாறான வழியில் போனது. காற்றை எடுத்துவிட்டு, காபியோடு சேராத வாயுவை அழுத்தத்தோடு டின்னில் நிரப்பினார்கள். காற்றை வெளியேற்றினால் மட்டும் போதாது, அந்த இடத்தில் எது இருக்கிறது என்பதும் முக்கியம்.

வீட்டில் அந்த வேலையெல்லாம் முடியாது. முடிவது ஒன்று உண்டு: கழுத்துவரை நிரம்பிய சின்ன பாட்டில்கள். பெரிய டப்பாவில் கொட்டை குறையக் குறைய உள்ளே காற்றின் இடம் கூடும், கடைசிக் கால் பங்கு எப்போதும் சப்பென்று இருப்பது அதனால்தான். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் அளவில் நாலைந்து வைத்து, ஒன்று தீர்ந்த பிறகு அடுத்ததைத் திறந்தால் போதும். வெளிச்சம் படாத அலமாரியில், அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். அடுப்பு மேடைக்கு மேல் தட்டில்தான் எல்லா வீட்டிலும் காபி டப்பா உட்கார்ந்திருக்கிறது, அதைவிட மோசமான இடம் சமையலறையில் கிடையாது.

ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை டப்பாவில் போடலாமா?
– வாசகர், ஆம்பூர்

வேண்டாம் சார். அது ஈரத்தை உறிஞ்சும், ஆக்சிஜனைத் தொடாது. ஷூவோடு வந்ததைச் சாப்பிடும் பொருளில் போடவும் வேண்டாம்.

பிரிட்ஜில் வைக்கலாம் என்கிறார்கள், கூடாது என்கிறார்கள். எது சரி?
– வாசகி, பொள்ளாச்சி

பிரிட்ஜின் கீழ்த்தட்டு கூடாது, ப்ரீசர் கூடும். கீழே மாவும் வெங்காயமும் நேற்றைய மீன்குழம்பும் இருக்கும், திறந்து திறந்து மூடுவோம், வாசனையும் ஈரமும் கொட்டையில் ஏறும்.

உங்கள் வேக்குவம் மெஷினுக்கு உண்மையான வேலை ப்ரீசரில்தான். வறுத்து இரண்டு நாள் ஆன கொட்டையை ஒரு வாரத்துக்குத் தேவையான அளவாகப் பிரித்துச் சின்னச் சின்னப் பைகளில் போட்டு, காற்றை உறிஞ்சி ஒட்டி உறைய வையுங்கள். குளிரில் வாயு கசிவதும் மெதுவாகும், ஆக்சிஜன் வேலை செய்வதும் மெதுவாகும், பையில் காற்று இல்லாததால் பனியும் படியாது. மாதக்கணக்கில் நன்றாக இருக்கும். ஒரே ஒரு நிபந்தனை: முதல் நாள் இரவே பையை வெளியே எடுத்து வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் பிரிக்க வேண்டும். சில்லென்று இருக்கும்போதே பிரித்தால் நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரமெல்லாம் கொட்டை மேல் முத்து முத்தாக வியர்த்து நிற்கும். பிரித்ததைத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள்.

மேட்டுப்பாளையத்தில் மருமகள் வறுத்து ஒட்டிக் கொடுத்த பை, ஊட்டிக்கு வந்து சேர்வதற்குள் தொளதொளவென்று ஆகிவிட்டது. வழியில் கிழிந்திருக்குமா?
– வாசகி, உதகமண்டலம்

கிழியவில்லை அம்மா. ஊட்டியில் காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு, பைக்குள் மிச்சமிருந்த வாயு அதற்கேற்ப விரிந்திருக்கிறது. புதுக் கொட்டை என்றால் அதன் பங்கும் சேரும். மருமகளைக் கோபித்துக்கொள்ளாமல் காபி போடுங்கள்.

கொட்டையோடு சிக்கரியையும் கலந்தே வேக்குவம் பண்ணி வைத்துவிடலாமா? தினமும் அளக்கிற வேலை மிச்சம்.
– வாசகர், விருதுநகர்

கூடாது. வறுத்த சிக்கரிப் பொடி ஈரத்தை இழுத்துக் கட்டி தட்டும், பக்கத்தில் இருக்கும் காபியையும் சேர்த்துக் கெடுக்கும். தனி டப்பாவில் இறுக்கி மூடி வைத்து, பில்டரில் போடும்போது கலந்துகொள்ளுங்கள். கடைகளில் விற்கும் கலப்பொடியில்கூட 51 சதவீதமாவது காபி இருக்க வேண்டும் என்பது சட்டம், வீட்டில் நீங்கள் எவ்வளவு போட்டாலும் கேட்க ஆளில்லை என்றாலும் சிக்கரி 20 சதவீதத்துக்கு மேல் போனால் கொட்டை வறுத்த பாடு வீண் என்பது என் கட்சி.

மாதத்துக்கு ஒருமுறை ஒரேயடியாக இரண்டு கிலோ வறுத்து வைத்துக்கொள்ள ஆசை. ஒரு மாதம் கெடாமல் இருக்க என்ன டப்பா வாங்கலாம்?
– வாசகர், தாம்பரம்

டப்பா வாங்கவே வேண்டாம். கொஞ்சமாக வறுங்கள்.

காபி உலகத்தில் கெடாமல் இருக்கத் தெரிந்த ஒரே பொருள் பச்சைக் கொட்டை. 10 முதல் 12 சதவீதம் ஈரப்பதத்தோடு காய்ந்திருக்கும் அதை, ஈரம் படாத, வெயில் படாத இடத்தில் இறுக்கி மூடி வைத்தால் ஒரு வருஷம்கூடத் தாங்கும். வறுத்த கணத்திலிருந்து கதை மாறுகிறது. முழுக் கொட்டைக்கு மூன்றாம் நாளிலிருந்து இரண்டு மூன்று வாரம் நல்ல காலம். பொடியாக்கிவிட்டால் நாள் கணக்குதான், அதிலும் முதல் ஒரு மணி நேரத்திலேயே பெரும்பகுதி வாயு பறந்துவிடும். ஆக இயற்கையே கொடுத்திருக்கும் சீல் பச்சையில் இருக்க, அதை நாமே உடைத்துவிட்டு அப்புறம் ஆயிரக்கணக்கில் செலவழித்து வேறு சீல் தேடுவானேன்? வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கால் கிலோ பச்சைக் கொட்டை. வறுத்தால் 210 கிராம் அளவுக்குத் தேறும். இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு ஒரு வாரம் ஓடும். வாணலியிலும் கால் கிலோதான் கருகாமல் சமமாக வறுபடும், இரண்டு கிலோவைக் கிளறினால் தோள்பட்டை போய்விடும்.

ஒரே சங்கடம், வறுத்த அன்றே அரைத்து பில்டரில் போடாதீர்கள். வாயு முட்டிக்கொண்டு பொடி மேலே பொங்கும், தண்ணீர் உள்ளே இறங்காமல் டிகாக்ஷன் நீர்க்க வரும். ஆகவே வெள்ளிக்கிழமை தீர்வதுபோல வைத்துக்கொள்ளாமல், ஒரு வாரக் கொட்டை எப்போதும் காத்திருப்பில் இருக்கட்டும்.

டப்பாவின் உள்பக்கம் பிசுபிசுப்பாக இருக்கிறது. புதுக் கொட்டை போட்டாலும் பழைய வாடை.
– வாசகி, காரைக்குடி

கருக வறுக்கிறீர்கள். கொட்டை பளபளவென்று எண்ணெய் விடும் அளவுக்குப் போனால் அந்த எண்ணெய் டப்பாச் சுவரில் ஒட்டிக் காறிப்போகும், மேலே எத்தனை புதுசு கொட்டினாலும் காறல் தொற்றிக்கொள்ளும். வெந்நீரில் சமையல் சோடா கரைத்து ஊறவைத்துத் தேயுங்கள், மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றித் தனியாகக் கழுவுங்கள், வாடை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகே கொட்டையைப் போடவும். அடுத்த முறை இரண்டாவது தடவை படபடவென்று பொரியத் தொடங்கும்போதே இறக்கி, முறத்தில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். வாணலியிலேயே விட்டால் அடுப்பை அணைத்த பிறகும் வறுபட்டுக்கொண்டேதான் இருக்கும்.

அரைத்த பொடியை வேக்குவம் பண்ணலாமா?
– வாசகர், ஓசூர்

பண்ணிப் பாருங்கள், மெஷின் பொடியையும் சேர்த்து உறிஞ்சும், ஒட்டும் இடத்தில் நாலு துகள் உட்கார்ந்தால் பை ஒட்டாது. கட்டாயம் வேண்டுமென்றால் பொடிக்கு மேல் டிஷ்யூ பேப்பரை மடித்து வைத்து, பையின் வாயை ஈரமில்லாத துணியால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். கையால் சுற்றும் மில் ஒன்று வாங்கினால் இந்தக் கேள்விக்கே வேலையில்லை.