சர்க்கரைக்கு நர்ஸா என்று நானும் கேட்டவன்தான்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. உங்களை நினைத்து அல்ல. பதினான்கு வருடத்துக்கு முன்னால் இதே ஐன்ட்ஹோவனில் இதே கோபத்தோடு திரிந்த என்னை நினைத்து. கோயம்புத்தூரில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்க்கரை டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நெதர்லாந்து வந்து ஐந்து மாதமாகியும் ஸ்பெஷலிஸ்ட்டின் நிழலைக்கூடப் பார்க்கவில்லை, வீட்டு மருத்துவர் பத்து நிமிடம் பேசிவிட்டு நர்ஸிடம் அனுப்பிவிட்டார். "செலவை மிச்சம் பிடிக்க என்னைத் தட்டிக் கழிக்கிறார்களா? பேசாமல் லீவுக்கு ஊருக்குப் போகும்போது எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம், இங்கேயே பாருங்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் வாசல் ஹாய்ஸ்ஆர்ட்ஸ், அதாவது வீட்டு மருத்துவர். அவர் கடிதம் கொடுக்காமல் எந்த ஸ்பெஷலிஸ்ட்டிடமும் போக முடியாது. நம் ஊரில் தலை வலித்தால் நியூராலஜிஸ்ட், முட்டி வலித்தால் ஆர்த்தோ என்று நாமே முடிவு செய்து பழகியவர்கள். அதனால் இது யாரோ நம் கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். ஆனால் சர்க்கரை விஷயத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்குள்ள வீட்டு மருத்துவர்களின் சங்கம் 1989இல் முதன்முதலாக ஒரு வழிகாட்டி நெறி வெளியிட்டபோது, அதற்கு எடுத்துக்கொண்ட நோயே இரண்டாம் வகைச் சர்க்கரைதான். அவர்களுக்கு இது ஸ்பெஷலிஸ்ட்டிடமிருந்து பாதியில் வந்து சேர்ந்த வேலை இல்லை, முதலிலிருந்தே அவர்களுடைய வேலை. முதல் வகைச் சர்க்கரை, கர்ப்ப காலம், எவ்வளவு மாற்றியும் கட்டுக்குள் வராத சர்க்கரை, சிறுநீரகம் கெடத் தொடங்குவது, இப்படி ஏதாவது இருந்தால்தான் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

அப்புறம் அந்த நர்ஸ். அவரை இங்கே பே-ஓ-ஹா என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஊசி போட்டு பி.பி. பார்த்துவிட்டுப் போகிறவர் இல்லை அவர். சர்க்கரை, இதயம், ஆஸ்துமா மாதிரி நாள்பட்ட நோய்களுக்கென்றே தனியாகப் படித்தவர். 2010இலிருந்து இரண்டாம் வகைச் சர்க்கரைக்குக் கேட்டன்ஸோர்க் என்ற ஏற்பாடு நாடு முழுக்க இருக்கிறது. நேரடியாகச் சொன்னால் சங்கிலிப் பராமரிப்பு. நர்ஸ் செய்யும் பரிசோதனை, பாதம் பார்ப்பது, விழித்திரைப் படம், உணவு ஆலோசனை எல்லாவற்றையும் ஒரே கட்டாகச் சேர்த்து, அந்த வட்டார மருத்துவர்களின் குழுவுக்கு இன்சூரன்ஸ் மொத்தமாகப் பணம் கொடுத்துவிடும். டாக்டருக்கு உங்களோடு பத்து நிமிடம்தான். பே-ஓ-ஹா அரை மணி நேரம் உட்காருவார். என் காலில் ஒரு நைலான் இழையை வைத்து அழுத்தி, "தெரிகிறதா, தெரிகிறதா" என்று ஒவ்வொரு விரலாகக் கேட்டது இங்கேதான். மதுரையில் மூன்று வருடம் வைத்தியம் பார்த்தபோது யாரும் என் செருப்பைக் கழற்றச் சொன்னதில்லை.

செலவு மிச்சம் பற்றிக் கேட்டீர்களே. நானும் அப்படித்தான் நினைத்தேன். 2013இல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் ஐரோப்பாவில் 31 நாடுகளின் ஆரம்ப மருத்துவத்தை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வீட்டு மருத்துவம் வலுவாக இருக்கும் நாடுகளில் மக்களின் ஆரோக்கியம் மேலாக இருக்கிறது, தவிர்த்திருக்கக்கூடிய மருத்துவமனைச் சேர்க்கை குறைவாக இருக்கிறது. ஆனால் அந்த நாடுகளின் மொத்த மருத்துவச் செலவு குறைவாக இல்லை, அதிகமாகவே இருக்கிறது. ஆகவே ஸ்பெஷலிஸ்ட்டுக்குப் பதில் மலிவான சரக்கைத் தலையில் கட்டுகிறார்கள் என்ற சந்தேகத்தை விட்டுவிடுங்கள்.

என்னை உண்மையிலேயே மாற்றியது இன்னொரு ஆய்வு, நார்வேயில் நடந்தது. ஏறக்குறைய 45 லட்சம் பேரின் பதிவுகளைப் பார்த்திருக்கிறார்கள். 15 வருடத்துக்கு மேல் ஒரே வீட்டு மருத்துவரிடம் இருந்தவர்களை, வந்து ஒரு வருடமே ஆனவர்களோடு ஒப்பிட்டால், இரவு நேர அவசர மருத்துவத்தை நாடுவது, அவசரமாக மருத்துவமனையில் சேர்வது, அந்த வருடத்தில் இறப்பது, மூன்றுக்குமே வாய்ப்பு 25 முதல் 30 சதவீதம் குறைவு. ஒரே டாக்டரிடம் நிலையாக இருப்பவர்கள் வேறு வகையிலும் நிலையானவர்களாக இருக்கலாம், அதையும் கணக்கில் வையுங்கள். இருந்தாலும் பாதி வைத்தியத்தை இங்கேயும் பாதியை கோயம்புத்தூரிலும் வைத்துக்கொள்வது எதைக் கெடுக்கிறது என்று எனக்கு அதைப் படித்தபிறகுதான் புரிந்தது. இரண்டு பேருக்கும் உங்களை முழுசாகத் தெரியாமல் போய்விடும்.

நான் அதைச் செய்தவன். ஊரில் மாஸ்டர் செக்கப் பண்ணி நாற்பது பக்க ரிப்போர்ட்டோடு வந்து என் டாக்டர் மேஜையில் வைத்தேன். அவர் புரட்டிக்கூடப் பார்க்காமல், "உங்களுக்கு என்ன தொந்தரவு இருந்தது, எதற்காக இதையெல்லாம் பார்த்தீர்கள்?" என்று கேட்டார். ஒரு வாரம் எனக்குத் தூக்கம் வரவில்லை. கேள்வி இல்லாமல் டெஸ்ட் இல்லை என்பது இவர்களுடைய புத்தி. இப்போதும் அதில் எனக்கு முழு உடன்பாடு கிடையாது.

எண்களில் ஏமாந்துவிடாதீர்கள். முதல் தடவை பே-ஓ-ஹா "உங்கள் ஹெச்பிஏ1சி 58" என்றதும் எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. அது இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை. இங்கே சதவீதத்தில் சொல்வதில்லை. 53 என்றால் நம் கணக்கில் 7, 58 என்றால் ஏழரை, 64 என்றால் 8. ரத்தச் சர்க்கரைக்கு அவர்கள் சொல்வதை 18ஆல் பெருக்கினால் நம் ஊர்க் கணக்கு வரும், 7 என்றால் 126.

மாத்திரை இன்னொரு தலைவலி. நம் ஊரில் இரண்டு மூன்று மருந்தை ஒரே மாத்திரையில் சேர்த்து ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அந்தப் பெயர் இங்கே யாருக்கும் புரியாது. அட்டையின் பின்னால் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரையும் மில்லிகிராமையும் எழுதிக் கொண்டுபோங்கள். மெட்ஃபார்மின் அப்படியே தொடரும். கிளிமிபிரைடு எடுப்பவராக இருந்தால் கிளிக்ளசைடாக மாற்றச் சொல்லலாம், பயப்படாதீர்கள். மருந்துக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் வருடத்துக்கு முதல் 385 யூரோ உங்கள் கையிலிருந்து போகும். டாக்டரைப் பார்ப்பதற்கும் கேட்டன்ஸோர்க்குக்கும் அந்தக் கணக்கு கிடையாது.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. சங்கிலி நோய் வாரியாக ஓடுகிறது, ஆள் வாரியாக இல்லை. சர்க்கரையோடு முதுகுவலியும் மனச்சோர்வும் சேர்ந்துகொண்டால் நீங்களாக வாயைத் திறந்து சொல்ல வேண்டும், யாரும் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க மாட்டார்கள். உணவு ஆலோசகரிடம் போனால் எத்தனை துண்டு ரொட்டி என்றுதான் கேட்பார். வீட்டுச் சோற்றுக் கரண்டியைத் தராசில் வைத்து, ஒரு வேளைக்கு எத்தனை கிராம் என்று நாமே எழுதிக்கொண்டு போனால்தான் பேச்சு நகரும். என் மனைவி இட்லியை எடை போட்டது தனிக்கதை.

ஒரு விஷயத்தில் மட்டும் நமக்குச் சாதகம் உண்டு. தென் அமெரிக்காவிலுள்ள சுரினாமிலிருந்து வந்த இந்திய வம்சாவளியினர், இங்கே ஹிந்துஸ்தானிகள் என்பார்கள், ஹேக் நகரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சர்க்கரை சீக்கிரமே வருகிறது என்பதை இந்த நாட்டு டாக்டர்கள் பல ஆய்வுகளில் பார்த்துவிட்டார்கள். அதனால் மற்றவர்களுக்கு 45 வயதில் தொடங்கும் பரிசோதனை அவர்களுக்கு 35இலேயே தொடங்குகிறது. உங்கள் மனைவிக்கு 36 என்று எழுதியிருந்தீர்கள். நாங்களும் அதே வம்சம்தான் என்று டாக்டரிடம் சொல்லிக் கேளுங்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. காலை எட்டு மணிக்குப் போன் பண்ணாதீர்கள், அது அவசரக்காரர்கள் நேரம். பத்தரைக்கு மேல் பண்ணுங்கள். போனை எடுக்கும் உதவியாளர் "என்ன பிரச்சினை?" என்று கேட்பார். நான் முதல் வருடம், "அதை டாக்டரிடம்தான் சொல்வேன்" என்று வீறாப்பாகச் சொல்லி ஒரு வாரம் காத்துக் கிடந்தேன். அவருக்கு அது வம்பளப்பு இல்லை, யாரை எப்போது பார்க்கவைப்பது என்று முடிவு செய்வதற்கே அவர் படித்திருக்கிறார். "இரண்டாம் வகைச் சர்க்கரை இருக்கிறது, கேட்டன்ஸோர்க்கில் என்னைச் சேர்த்தாயிற்றா, விழித்திரைப் படம் எப்போது?" என்று நேரடியாகக் கேளுங்கள். டாக்டரிடம் இரண்டு விஷயம் பேச வேண்டியிருந்தால் அப்போதே சொல்லி இருபது நிமிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.