இடைக்கால ஐரோப்பியக் காதல் பாட்டில் ரோஜா வெறும் அழகுக்குத்தானா?

அழகுக்கு மட்டுமில்லை. 1230 வாக்கில் கியோம் த லோரிஸ் பிரெஞ்சில் தொடங்கிய 'ரோஜாவின் கதை'யில் காதலன் தேடிப் போவதே ஒரு ரோஜா மொட்டைத்தான். மதில் சூழ்ந்த தோட்டம், சுற்றிலும் முள், காவலுக்கு ஆள். போதாதென்று பொறாமை என்ற பாத்திரம் ஒரு கோட்டையே கட்டிவிடுகிறது. சுமார் 40 ஆண்டுகள் கழித்து ழான் த மன் எழுதிய தொடர்ச்சியில்தான் பூ பறிபடுகிறது. பறிப்பதென்றால் என்னவென்று அன்றைய வாசகருக்கு விளக்க வேண்டியிருக்காது.

எனக்குப் பிடித்தது வால்தர் ஃபொன் டெர் ஃபோகல்வைடவின் ஜெர்மன் பாட்டு. லிண்டன் மரத்தடியில் பூவும் புல்லும் கசங்கிக் கிடக்கின்றன. என் தலை எங்கே சாய்ந்திருந்தது என்பதை அந்த ரோஜாக்களே காட்டிக்கொடுத்துவிடும் என்கிறாள் பெண். அப்புறம், நடந்ததற்குச் சாட்சி ஒரு சின்னப் பறவை மட்டும். அது வாய் திறக்காதாம்.