மலிவான மோலெக்ஸ்–சாட்டா மாற்றிக் கேபிளை நம்பலாமா?

கேள்வி இது: கணினியின் பழைய பவர் சப்ளையில் சாட்டா இணைப்பு (ஹார்ட் டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் தட்டையான முனை) போதவில்லை, மலிவான மோலெக்ஸ்–சாட்டா கேபிள் (பழைய நான்கு பின் மோலெக்ஸ் முனையைச் சாட்டாவாக மாற்றித் தருவது) போட்டு இன்னொரு ஹார்ட் டிஸ்க் மாட்டலாமா?

மாட்டலாம். ஆனால் வாங்குமுன் சாட்டா முனையின் பின்புறத்தைப் பாருங்கள். கம்பிகள் நுழையும் இடம் ஒரே பிளாஸ்டிக் கட்டியாக வார்க்கப்பட்டிருந்தால் கடையிலேயே வைத்துவிடுங்கள். அந்த இணைப்பியில் 15 பின்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 1.27 மில்லிமீட்டர்தான் தூரம். உருகிய பிளாஸ்டிக்கை அழுத்திச் செலுத்தும்போது கம்பி இழைகள் நகர்ந்து 12 வோல்ட்டும் எர்த்தும் நெருங்கிவிடலாம். அன்றைக்கே ஒன்றும் தெரியாது. சூட்டில் மாதக்கணக்கில் ஓடியபின் ஒருநாள் கருகல் வாடை வரும். பவர் சப்ளையின் பாதுகாப்புச் சுற்று அணைத்துவிடாதா என்று கேட்பார்கள். அரைகுறை ஷார்ட் சர்க்யூட்டில் ஓடும் மின்னோட்டம் அதன் வரம்பைத் தொடாமலேயே பிளாஸ்டிக்கை எரித்துவிடும், நம்பியிருக்க முடியாது.

பின்மூடி தனியாகக் கழன்று வரும், ஒவ்வொரு கம்பியும் அதனதன் உலோகப் பல்லில் அழுத்தப்பட்ட வகையை வாங்குங்கள். விலை வித்தியாசம் ஒரு டிபன் செலவுகூட இராது.

மோலெக்ஸ் பக்கம் பயமில்லை, தடித்த பின்கள். ஆனால் சாட்டாவிலிருந்து கிராபிக்ஸ் கார்டுக்கு 6 பின் எடுக்கும் கேபிள் எந்த வகையானாலும் வேண்டாம். சாட்டாவில் 12 வோல்ட்டுக்கு 3 பின்கள், தலா 1.5 ஆம்பியர், ஆக 54 வாட். கார்டு அந்த வழியில் 75 வாட் வரை கேட்கலாம்.