பிரைட்டன் ராயல் கிரசன்ட் வீடுகளின் கறுப்பு முகப்பு செங்கல்லால் ஆனதா?

இல்லை, அது செங்கல்லைப் போலவே தோன்றும் ஓடு. இங்கிலாந்தின் தென்கடற்கரையில், கடலை நோக்கிப் பிறைவடிவில் வளைந்து நிற்கும் இந்த 14 வீடுகளும் 1798-க்கும் 1807-க்கும் இடையே கட்டப்பட்டவை. இன்று அவை இங்கிலாந்தின் பாரம்பரியக் கட்டடங்களுக்கான இரண்டாம் தர நட்சத்திரப் (Grade II*) பட்டியலில் பாதுகாக்கப்படுகின்றன.

'மேத்தமெட்டிக்கல் டைல்' எனப்படும் இவ்வகை ஓட்டின் மெல்லிய மேற்பகுதியை மரச்சட்டத்தில் ஆணியடித்துப் பொருத்துவார்கள். அடுத்த வரிசையின் தடித்த கீழ்ப்பகுதி அதை மூடிக்கொள்ள, இடைவெளிகளில் சுண்ணாம்புச் சாந்து பூசப்பட்டதும், எவரும் செங்கற்சுவர் என்றே நம்பும் சமதளம் உருவாகிவிடும். கறுப்பு மெருகு மழைநீரைச் சுவருக்குள் இறங்கவிடாது. உப்புக்காற்று ஓயாமல் வீசும் கரையில் அது எவ்வளவு பெரிய பயன் என்பதைக் கடலோரத்தில் வாழ்பவர்கள் அறிவார்கள். வில்போல் வளைந்த சாளர முகப்புகளை எடையேற்றாமல் மூடுவதற்கும் இந்த ஓடு மிகப் பொருத்தமானது.

1784-இல் வந்த செங்கல் வரியிலிருந்து தப்பவே இம்முறை பிறந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். அதை என்னால் ஏற்க இயலவில்லை: ஓட்டுக்கும் அப்போது வரி உண்டு, இவ்வோடுகளோ அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே புழக்கத்தில் இருந்தவை.