இன்சூரன்ஸில் 'டோட்டல் லாஸ்' ஆன காரை விலை குறைவு என்று வாங்கலாமா?

வேண்டாம். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் பக்கத்திலேயே போகாதீர்கள்.

ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில், அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ் போடுவார்கள். பிறகு வண்டி ஏலத்துக்குப் போகும். எடுத்தவர் கழற்றி ஸ்பேராக விற்றால் யாருக்கும் நஷ்டமில்லை. பாலிஷ் போட்டு வேறு ஊரில் கொண்டுபோய் நிறுத்தும்போதுதான் வினை. அவ்வளவு செலவாகும் என்று கைவிட்ட வண்டி மலிவாக வருகிறது என்றால், எதையோ மாற்றாமல் மூடியிருக்கிறார்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் மழைக்கு அப்புறம் என் மச்சானுக்குக் கார் பார்க்க ஈரோட்டில் பழைய கார் விற்கும் ஒரு கன்சல்டிங்குக்குப் போனோம். சென்னை நம்பர், டீசல், சிங்கிள் ஓனர். பெயிண்ட் பளபளவென்று இருந்தது. மச்சான் அட்வான்ஸை எடுத்துவிட்டார். நான் டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன். உள்ளே சுருண்டு கிடந்த பகுதியில் செம்மண் நிறத்தில் குறுக்கே ஒரு கோடு. சீட்டைப் பின்னால் தள்ளினால் அது நகரும் தண்டவாளம் முழுக்கத் துரு, போல்ட் இடுக்கில் காய்ந்த சேறு. "மழையில கண்ணாடி ஏத்த மறந்துட்டாங்க சார்" என்றார் விற்பவர். "அட, விலையைப் பாரு மாப்ள" என்றார் மச்சான். கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன். ஒயரிங்கிலும் ஏர்பேக் கனெக்டரிலும் பூக்கிற பச்சைக் களிம்பு, வாங்கிய அன்று தெரியாது. சில மாதம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். அக்கா பிள்ளைகள் போகிற வண்டி அது.

கன்சல்டிங்காரர்கள் எல்லாரையும் குறை சொல்லவில்லை. முன்பக்கம் மட்டும் அடிபட்ட வண்டியை எடுத்து, டிங்கரிங் தெரிந்து, சொந்தமாகச் சரிசெய்து ஓட்டுபவர்களும் உண்டு. இந்தக் கேள்வியைக் கேட்டவர் அப்படிப்பட்டவராகத் தெரியவில்லை, அதனால்தான் சொல்கிறேன்.

"ஆர்.சி. கிளியரா இருக்கே" என்பார்கள். இனி ஓடவே முடியாத வண்டியை 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.விடம் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 55-வது பிரிவு சொல்கிறது. தெரிவிக்காவிட்டால் ஆர்.சி. உயிரோடுதான் இருக்கும். அந்த ஆர்.சி.யையும் சேஸிஸ் நம்பரையும் திருட்டு வண்டிக்கு மாட்டி விற்றவர்கள் வடக்கே பிடிபட்டிருக்கிறார்கள்.

    

நீங்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் பழைய பாலிசி நகலை வாங்குங்கள். விற்பவரையே இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போடச் சொல்லி, உங்கள் முன்னால் கிளெய்ம் விவரம் கேட்கவையுங்கள். மழுப்பினால் கிளம்பிவிடுங்கள்.